கழுவாத பொடி

எலிகள் செத்தது என்னால். என் மாணவியின் கைப்பிசகால் செத்தன என்று நெறிமுறைக் குழுவின் முன்னால் சொன்னேன். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். குழு நம்பியது. அவள் ஆய்வுப் படிப்பு அத்தோடு நின்றுபோனது.

இதைக் கடைசியில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பெரம்பலூரில் ஒன்றுமில்லாத ஒரு கட்டடத்தில் ஆய்வகத்தை எப்படி உண்டாக்கினோம், மின்சாரம் போய்ப் போய் வந்த நாட்களில் எப்படி வேலை பார்த்தோம் என்றெல்லாம் எழுதிவிட்டு முடிவில் இதைச் சொன்னால், அதற்குள் உங்களுக்கு என் மேல் கொஞ்சம் பிரியம் வந்திருக்கும், அதிகம் கோபப்பட மாட்டீர்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்குப் போடுகிற புத்தியால்தான் அன்றைக்கும் அந்தப் பொய்யைச் சொன்னேன். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நீங்கள் மருந்தியலில் புதிதாக அடியெடுத்து வைத்திருப்பவர்கள். உங்களில் சிலர் இன்சுலின் போன்ற புரத மருந்துகளை நானோ துகள்களுக்குள் அடைக்கும் வேலைக்கே வந்திருக்கிறீர்கள். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்சுலின் ஒரு புரதம். வாய்வழியாகக் கொடுத்தால் வயிறு அதைச் சாப்பாடாக நினைத்துச் செரித்துவிடும். எனவே ஊசிதான். ஊசியில் போட்டதும் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகிறது. அதனால் தினமும் ஊசி. அறுவை சிகிச்சையில் தானே கரைந்துபோகும் தையல் நூல் போடுவார்களே, அதே வகைப் பாலிமரில் கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகள் செய்து, அதற்குள் இன்சுலினை அடைத்துவிட்டால், பாலிமர் உடம்புக்குள் மெல்ல மெல்லக் கரையக் கரைய மருந்தும் மெல்ல வெளியே வரும். பல நாளைக்கு ஒரே ஊசி போதும். இதுதான் ஆசை. நல்ல ஆசைதான். அந்த ஆசை எனக்கு உண்மையாகவே இருந்தது.

ஆனால் எல்லா இன்சுலினும் உருண்டைக்குள் போகாது. ஒரு பகுதி வெளிப்புறத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒட்டியிருப்பது மெல்ல வராது, உடம்புக்குள் போனதும் மொத்தமாக இறங்கிவிடும். அதைப் போக்க, துகள்களைத் திரும்பத் திரும்பத் தண்ணீரில் அலசி, சுழற்றி, அடியில் படிவதை எடுக்க வேண்டும். அலசினால் ஒட்டியிருந்த மருந்தும் போகும், பொடியிலும் ஒரு பங்கு போகும். குழாயின் அடியில் மிஞ்சுவதைப் பார்த்தால் மனசு வலிக்கும். இந்த வேலை செய்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

நான் மாணவனாக இருந்தபோது என் பேராசிரியர் ஒருநாள் என் அட்டவணையை வாங்கிப் பார்த்தார். எவ்வளவு மருந்து ஏறியிருக்கிறது என்பதை ஒரு தடவை செய்த பொடியிலும், அது எவ்வளவு மெதுவாக வெளியேறுகிறது என்பதை வேறொரு தடவை செய்த பொடியிலும் அளந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தேன். அவர் திட்டவில்லை. "இந்த டேபிள்ல இருக்கற மருந்து எந்தக் குப்பியில இருக்கு? எடுத்துக்கிட்டு வாய்யா, பாப்போம்" என்றார். நான் திருதிருவென்று விழித்தேன். "அப்ப இப்படி ஒரு மருந்தே உலகத்துல இல்லையே" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

எனவே நான் பிற்பாடு செய்ததை அறியாமையில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

வளர்மதி குன்னம் பக்கத்துப் பெண். மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற குடும்பம். எங்கள் கல்லூரியிலேயே படித்து, என்னிடமே ஆய்வுக்குச் சேர்ந்தாள். வேலையில் கெட்டி, வாயிலும் கெட்டி. என் துறையில் எனக்கு அடுத்தபடியாக இருந்த நிஜாமை அவள் விடவே மாட்டாள். "நிஜாம் சார் டீக்குப் போனாருன்னா நம்ம எமல்ஷன் தானாப் பிரிஞ்சிரும், அதுக்கும் அவர் மேல அவ்வளவு பாசம்" என்பாள். அவரும், "நீ வந்ததுலேர்ந்துதான் அது பிரியுது" என்பார். எமல்ஷன் என்பது துகள் செய்ய நாங்கள் அடித்துக் கலக்கும் பால் போன்ற கலவை. இந்தக் கேலியெல்லாம் நடக்கிற ஆய்வகம் நல்ல ஆய்வகம். அதை நான் அப்போது உணரவில்லை.

நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தோம். கட்டுரையில் இரண்டு முக்கியமான செய்திகள். ஒன்று, எங்கள் துகள்களில் நிறைய இன்சுலின் ஏறியிருக்கிறது. இரண்டு, அது அவசரப்படாமல் நிதானமாக வெளியே வருகிறது. இரண்டும் அளந்து பார்த்த உண்மைகள். ஆனால் முதலாவதை அளந்தது கழுவாத பொடியில். இரண்டாவதை அளந்தது கழுவிய பொடியில். வளர்மதி இரண்டையும் தனித்தனியாகத்தான் எழுதிக் கொடுத்தாள். சேர்த்து எழுதியவன் நான். இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பொய்யைச் செய்ய முடியும். அதைத்தான் செய்திருந்தேன்.

அடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஆய்வுக் குழு வரப் போகிறது, அதற்குள் முடிவு வேண்டும் என்று நிர்வாகம் நெருக்கிக்கொண்டிருந்தது. கழுவிய பொடி எல்லா எலிகளுக்கும் போதாது. மறுபடி செய்யலாம் என்றால் பாலிமர் தீர்ந்திருந்தது, வரவழைக்க நாளாகும். கழுவாத பொடி கைவசம் இருந்தது. அதையே போடச் சொன்னேன்.

"சார், ஒரு டவுட்டு" என்றாள் வளர்மதி. "ரிலீஸ் பாத்தது கழுவுன பொடியில. எலிக்குக் கழுவாததையா போடறோம்?"

"ரெண்டும் ஒரே பேட்ச்தானேம்மா."

"பேட்ச் ஒண்ணுதான் சார். ஆனா மேல ஒட்டிக்கிட்டு நிக்கறது அப்படியே மொத்தமா எறங்கிடுமே. நாம வேற பல நாளைக்கான டோஸை ஒரே ஊசியில குடுக்கறோம்."

"ஒட்டியிருக்கறது அப்படி எவ்வளவு இருந்துடப் போவுது? என்ன நிஜாம்?"

நிஜாம் கையிலிருந்த குப்பியையே பார்த்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார்.

"சரிங்க சார்" என்றாள் அவளும்.

ஊசி போட்ட அன்று என் அறையில் நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வளர்மதி கதவைத் தட்டாமலேயே எட்டிப் பார்த்தாள். "சார், கொஞ்சம் வரீங்களா. எலியெல்லாம் ஒரு மாதிரியா இருக்கு."

"போம்மா, வரேன்."

டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனேன். போனபோது சில எலிகள் கூண்டின் தரையில் மல்லாந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டால் அப்படித்தான் இழுக்கும். அவளும் நிஜாமும் குளுக்கோஸைக் கரைத்து, ஊசியைக் கழற்றிய சிரிஞ்சால் ஒவ்வொன்றின் வாயோரத்திலும் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் ஒரு எலி கடித்து ரத்தம் வந்திருந்தது. அதை அவள் துடைக்கக்கூட இல்லை. சில பிழைத்தன. பாதிக்கு மேல் செத்துவிட்டன.

என்ன நடந்தது என்று கதவருகில் நின்றபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் எச்சரித்ததுதான் நடந்திருக்கிறது. ஆனால் என் புத்தி எலிகளிடம் போகவில்லை, அவளிடமும் போகவில்லை. வெளிவந்துவிட்ட கட்டுரையிடம் போனது. கழுவாத பொடியால் செத்தன என்று ஒப்புக்கொண்டால், கட்டுரையில் எதைக் கழுவினீர்கள், எதைக் கழுவவில்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

விலங்குகள் மேல் நடக்கும் சோதனைகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழு கூடியது. அதில் ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். நியாயமான மனிதர். "பொடியில ஏதும் கோளாறு இருக்குமா சார்?" என்று அவர்தான் கேட்டார்.

இளம் நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருந்தது. என் பணிக்காலம் முழுவதிலும் முக்கியமான நேரம் எது என்று என்னைக் கேட்டால், அதைத்தான் சொல்வேன். அப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். ஏதோ பெரிய சோதனை போல முன்னறிவிப்போடு வராது. ஒருவர் சாதாரணமாக ஒன்றைக் கேட்பார், உங்கள் வாயில் ஒரு சௌகரியமான வாக்கியம் தயாராக இருக்கும்.

"பொடி நல்ல பொடி. கட்டுரையே வந்திருக்கு. டோஸ் எடுக்கறதுல கை பிசகியிருக்கு" என்றேன்.

மருத்துவர் வளர்மதியைப் பார்த்தார். "என்னம்மா, அப்படித்தானா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்ததையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது. தலை நரைத்த ஆசிரியர் மாணவியின் மேல் கை காட்டினால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. உங்களுக்கும் ஒருநாள் மாணவர்கள் வருவார்கள். அந்த அதிகாரம் உங்களுக்கும் வந்து சேரும்.

அவள் இனி விலங்குகளைத் தொடக் கூடாது என்று குழு முடிவு செய்தது. அறிக்கை மேலே போனது. உதவித்தொகை புதுப்பிக்கப்படவில்லை. சில வாரங்களில் அவள் என் அறைக்கு வந்து, விலகுவதற்கான தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

"போயிட்டு வரேன் சார்."

"நல்லா இரும்மா" என்றேன். வாய் கூசாமல் அதையும் சொன்னேன்.

பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் பலரைப் பயிற்றுவித்தேன். பிரிவு உபசார விழாவில் என் நேர்மையைப் பற்றி இரண்டு பேர் பேசினார்கள். வளர்மதியின் நினைவு வராமல் இல்லை. வந்தால் வேறு வேலையைப் பார்ப்பேன். அப்படியே கடைசி வரைக்கும் ஓட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஒரு தொலைபேசி அழைப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அழைத்தவன் திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வு செய்கிற பையன். எங்கிருந்தோ என் எண்ணைப் பிடித்திருந்தான். "சார், உங்க பேப்பரைப் பாத்துத்தான் சார் செஞ்சேன். எலியெல்லாம் செத்துப்போச்சு" என்றான்.

என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "டோஸ் எடுக்கறப்ப சிரிஞ்சைச் சரியா கவனிச்சீங்களா தம்பி?"

"கவனிச்சேன் சார். எங்க கைடும் அதையேதான் கேக்கறாரு. என் கைதான் தப்புங்கறாரு. திங்கட்கிழமை கமிட்டி."

"பாத்துக்கங்க தம்பி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. என் மனைவி, "யாரு போன்ல?" என்று கேட்டாள். "ஒரு பையன்" என்றேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, அவனை நானே அழைத்தேன்.

"தம்பி, போட்டது கழுவாத பொடியா?"

"ஆமா சார்" என்றான். உடனே, திட்டு விழப் போகிறது என்று பயந்தவன் போல, "கழுவித்தான் சார் பாத்தேன். கழுவுனா உங்க பேப்பர்ல இருக்கற அளவுக்கு மருந்து நிக்கவே மாட்டேங்குது. என்ன செஞ்சாலும் நிக்கல. அதான் கழுவாம எடுத்தேன்" என்றான்.

"நிக்காது தம்பி. எனக்கும் நிக்கல."

"என்ன சார் சொல்றீங்க?" என்றான்.

"உங்க கையில தப்பு இல்ல. தப்பு என் பேப்பர்ல இருக்கு. உங்க கைடு நம்பரைக் குடுங்க."

அவனுடைய வழிகாட்டியிடம் பேசினேன். அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதை நீங்க எழுத்துல குடுப்பீங்களா சார்?" என்றார். கொடுத்தேன். அந்தப் பையனைக் குழு ஒன்றும் செய்யவில்லை. இந்தக் கதையில் நான் நேரத்தோடு செய்த காரியம் அது ஒன்றுதான். அதுவும் ஒரு வேளைச் சோறு இறங்காததால் நடந்தது.

அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். அதற்குப் பொறுப்பாசிரியர்களான நானும் நிஜாமும் கையெழுத்துப் போட வேண்டும். நிஜாமைப் பார்க்கப் போனேன். அவர் இப்போது துறைத்தலைவர். நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. நான் சொல்லி முடிக்கும் வரை பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"நீங்க ரிட்டயர்டாகி, பென்ஷன் எல்லாம் செட்டிலாகி, இப்ப மனசாட்சியைக் கையில எடுக்கறீங்க. எனக்கு இன்னும் பாதி சர்வீஸ் கெடக்கு சார். அந்தப் பேப்பரைக் காட்டித்தான் ப்ரமோஷன் வாங்கினேன்."

"தெரியும் நிஜாம்."

"தெரிஞ்சுதான் வந்திருக்கீங்க." பேனாவை வைத்தார். "அன்னிக்கு அந்தப் புள்ள டவுட்டு கேட்டப்ப, என்ன நிஜாம்னு என்னைத்தான் கேட்டீங்க. நான் வாயத் தொறந்திருந்தா இவ்வளவு வந்திருக்காது. அல்லாவுக்குத் தெரியும், எனக்கும் இது தொண்டையில நிக்குது. கையெழுத்துப் போடறேன். ஆனா கொஞ்ச நாளைக்கு எனக்குப் போன் பண்ணாதீங்க சார்."

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நிஜாமுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதவி போகவில்லை, ஆனால் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கறை இருக்கிறது. அதை வைத்தது நான். ஒரு தவறைத் திருத்தப் போனால் அது யாரையும் தொடாமல் திருந்தும் என்று நினைக்காதீர்கள். நாள் கடத்தக் கடத்த அதன் மேல் ஆட்கள் குடியேறி விடுகிறார்கள்.

குழுவின் முன்னால் போய் நின்றும் சொன்னேன். உறுப்பினர்கள் மாறியிருந்தார்கள், அந்தக் கால்நடை மருத்துவர் மட்டும் இருந்தார். "அந்தப் பொண்ணை அன்னிக்கு ஒரு வார்த்தை நான் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்" என்றார். பழைய முடிவை ரத்து செய்து, காரணத்தையும் பதிவு செய்தார்கள்.

அன்றைக்குக் கல்லூரியிலிருந்து கிளம்பும்போது நிஜாம் வாசல் வரைக்கும் வந்தார். "அவ ரெட்டிபாளையத்துல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கா சார். இங்க எல்லாருக்கும் தெரியும். நீங்கதான் கேட்டதில்ல."

அரியலூரில் இறங்கி ரெட்டிபாளையம் பஸ் ஏறினேன். சிமெண்ட் ஆலைக்குப் போகிற லாரிகள் வரிசையாக நிற்கிற சாலை. கடையின் கண்ணாடியில் வெள்ளைத் தூசி. உள்ளே வளர்மதி. கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு லாரி டிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்சுலினக் குடுக்கறதா வேணாமான்னு யோசிக்கறேண்ணே. போன தடவ போட்டுட்டு, சாப்பிடாம லோடு ஏத்தப் போனீங்களா இல்லையா?"

"லேட்டாயிருச்சும்மா."

"மயங்கி வண்டிய ஓரங்கட்டுனீங்களே, அது லேட்டாகலையா? ஊசி போட்டா அரை மணி நேரத்துல சோறு. சோறு கண்ணுல தெரியலைன்னா ஊசியை எடுக்கவே கூடாது. எங்க, சொல்லுங்க."

"என்னம்மா, ஸ்கூல் புள்ளையாட்டம்..."

"சொன்னாத்தான் மருந்து."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வாங்கிக்கொண்டு போனார். வளர்மதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது மெல்லப் போனது.

"வாங்க சார். உக்காருங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றது, குழு முடிவை ரத்து செய்தது, அந்தத் திருச்சிப் பையன், எல்லாம். மன்னித்துவிடு என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமையையும் அவள் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. மறுபடி ஆய்வில் சேர விருப்பமென்றால் நான் ஓடியாடி முயற்சி செய்கிறேன் என்றேன்.

"இந்த வயசுல எலியப் புடிக்கச் சொல்றீங்களா?" என்றாள். கேலிதான், ஆனால் பழைய கேலி இல்லை. பிறகு, "அன்னிக்கு நான் ஏன் பேசலைன்னு யோசிச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டாள்.

"நீ பயந்துட்டியோன்னு நினைச்சேன்."

"பயமெல்லாம் இல்ல. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். கடைசி வரைக்கும் பாத்தேன்."

கடைக்கு ஒருவர் வந்து இருமல் மருந்து வாங்கிக்கொண்டு போனார். சில்லறை கொடுத்துவிட்டு அவள் திரும்பி வந்தாள்.

"பேப்பரை வாபஸ் வாங்குனது, கமிட்டி, எல்லாம் சரி சார். அதை இங்க யாரு படிக்கப் போறா? எங்கப்பா குன்னத்துல இருக்காரு. நான் கை தவறி எலியக் கொன்னுதான் படிப்பைக் கெடுத்துக்கிட்டேன்னு இன்னிக்கும் நம்பிக்கிட்டு இருக்காரு. நான் சொன்னா சாக்கு சொல்றேன்னு ஆயிடுது. எனக்கு ஏதாவது செய்யணும்னா அவர்கிட்டப் போயிச் சொல்லுங்க."

"நீயும் வரியாம்மா?"

"நான் எதுக்கு? நான்தான் சொல்லிட்டேனே, எப்பவோ."

குன்னத்தில் அவருடைய வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வீட்டை ஒட்டி, வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறையின் முன்னால் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்து கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, எழுந்து, துண்டால் ஒரு நாற்காலியைத் தட்டிப் போட்டார். "வாங்க சார், வாங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

அந்த மரியாதை எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆரம்பத்திலிருந்து விளக்கிச் சொல்லலாம் என்று நினைத்தேன். "இப்ப யூரியாவுல வேப்பெண்ணெய் தடவி விக்கறாங்க இல்லையா, மெதுவாக் கரையணும்னு, அந்த மாதிரிதான் நாங்க மருந்தை..."

"உரம் இருக்கட்டும் சார்" என்றார். "நீங்க இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. எம்பொண்ணு விஷயமாத்தான் இருக்கும். அது தப்பு பண்ணுச்சா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப யாரு?"

"நான். தெரிஞ்சே அவ மேல போட்டேன்."

அரிவாள்மனையை ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"நான் அப்ப காலேஜுக்கு வந்தேன், ஞாபகம் இருக்கா? உங்க ரூமுக்கு வெளியில நின்னுக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து என் தோள்ல கை வச்சீங்க. 'நல்ல புள்ளதான், நிதானம் மட்டும் பத்தல'ன்னீங்க. உங்களக் கும்புட்டுட்டு வந்தேன்."

எனக்கு அது நினைவே இல்லை. இத்தனை காலமாக நான் செய்ததை நானே எனக்கு எண்ணிக் காட்டிக்கொண்டிருந்த பட்டியலில் அது கிடையாது. அவர் தோளில் வைத்த கையை நான் மறந்தே போயிருந்தேன்.

"வூட்டுக்கு வந்து அதுங்கிட்ட சண்டை போட்டேன்" என்றார். "அது இந்த எடத்துலதான் நின்னுச்சு. 'எந் தப்பு இல்லப்பா, சாருக்குத் தெரியும்ப்பா'ன்னு அழுவுது. வாத்தியாரு பொய் சொல்லுவாரான்னு கேட்டேன். அவ்வளவு தன்மையா பேசுற மனுசன் மேல பழி போடறியேன்னு கேட்டேன். அதுக்கப்புறம் அது அந்தப் பேச்சே எடுக்கல. கண்ணாலம் பண்ணிக் குடுத்தேன், போயிருச்சு. கடை வச்சுது. கூப்புட்டுச்சு. நான் ஒருநாளும் அந்தக் கடைக்குள்ள போனதில்ல சார். மருந்தைப் பாத்தா எனக்கு அந்தக் கேவலம்தான் ஞாபகத்துக்கு வரும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க இருங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பொத்தான் போட அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "அரியலூர் போயி மாறினா ரெட்டிபாளையத்துக்கு பஸ் இருக்குமா?"

"இருக்கு. நானும் வரேன்."

"வேணாம் சார். உங்கள வச்சுக்கிட்டு நான் அதுங்கிட்ட எப்படிப் பேசுவேன்?"

பஸ் வரும்வரை நிறுத்தத்தில் இருவரும் தள்ளித் தள்ளி நின்றோம். அவர் ஏறிப் போனார். நான் எதிர்ப்பக்கத்துப் பஸ் பிடித்துப் பெரம்பலூர் வந்தேன். நான் இறக்கி வைக்கப் போன பாரத்தை அந்த மனிதரின் தலையில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன் என்பது வழியெல்லாம் உறுத்தியது. சொல்லாமலும் இருந்திருக்க முடியாது. இரண்டும் உண்மை. இதில் எதைக் கழுவி எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் வளர்மதி அழைத்தாள்.

"அப்பா வந்தாரு சார்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. கடைக்குள்ள வந்து ஸ்டூல்ல உக்காந்தாரு. அலமாரியெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தாரு. சாப்பிட்டாரு. சாயங்காலமாத்தான், 'நீ அன்னிக்கு என்னமோ சொல்ல வந்தியே, அதச் சொல்லு'ன்னாரு."

"சொன்னியா?"

"மொதல்லேர்ந்து சொன்னேன் சார். எமல்ஷன்லேர்ந்து. பாலிமரு, கழுவறது, ரிலீஸு, எலி, எல்லாம்."

"புரிஞ்சுதா அவருக்கு?"

"எங்க புரியப் போவுது. நடுவுல ரெண்டு மூணு பேரு மருந்து வாங்க வந்தாங்க. அவங்க போற வரைக்கும் காத்துக்கிட்டிருந்து, 'ம், அப்புறம்?'னு கேட்டாரு. கடைசி வரைக்கும் கேட்டாரு சார்."

கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.